கடலில் சொல்லாத பேர்

இப்போதுள்ள ஆட்களுக்குத் தங்கள் கண் மேலேயே நம்பிக்கை கிடையாது. சிலுவைத்துறை ஏலக்கூடத்தில் மீன் வாங்க வருகிறவன் செவுளைத் தூக்கிப் பார்ப்பதில்லை, விரலால் அமுக்கிப் பார்ப்பதில்லை. கைப்பேசியை எடுத்து மீனின் மூஞ்சிக்கு நேரே நீட்டுகிறான். அதில் பச்சை வந்தால் நல்ல மீன். சிவப்பு வந்தால், இப்போதுதான் கரையேறி வாலை அடித்துக்கொண்டு கிடக்கிற விளமீனும் அவனுக்கு நாறிப்போன மீன்தான். மழை பெய்கிறதா என்று கேட்டால், நனைந்துகொண்டே அந்தக் கண்ணாடித் துண்டைப் பார்த்துவிட்டு, "இல்ல, சாயங்காலம்தான்" என்கிறான். இவர்களுக்கெல்லாம் தலை எதற்கு, தொப்பி வைக்கவா என்று கஸ்பார் கேட்பார். யாரும் பதில் சொல்வதில்லை. பதில் சொன்னால் அவர் இன்னும் இரண்டு கேட்பார் என்று ஊருக்குத் தெரியும்.

கஸ்பாருக்கு அறுபத்தெட்டு வயது. மூன்றாம் வகுப்பு வரை போனவர். நான்காம் வகுப்பு வாத்தியார் பிரம்பை எடுத்துக்கொண்டு கையை நீட்டச் சொன்னார், இவர் நீட்டவில்லை, அதோடு படிப்பு முடிந்தது. அதற்குப் பிறகு காகிதத்தோடு வருகிற எவனையும் அவர் நம்பியதில்லை. பன்னிரண்டு வருடத்துக்கு முன்பு ஒரு கூட்டம் அப்படித்தான் காகிதத்தோடு வந்தது. மொட்டச்சல்லித் தீவையும் அதைச் சுற்றிக் கிடக்கிற பவளப் பாரையும் பூட்டப்போகிறோம், இனி அந்தப் பக்கம் வள்ளம் வரக் கூடாது என்றது. பூட்டுக்கு அடையாளமாகத் தீவுக்குக் கிழக்கே ஒரு மஞ்சள் பீப்பாயை நங்கூரம் போட்டு மிதக்கவிட்டது. கடலுக்கடியில் மீன் பேசுவதைக் கேட்கிற கருவி அது என்றார்கள். ஊரில் அதற்குக் 'காது' என்று பேர் வந்தது. அன்றைக்குக் கூட்டத்தில் அதிகமாகக் கத்தியவர் கஸ்பார். அதற்கு மறுநாளே பூட்டிய இடத்துக்குள் நண்டு வலை போட்டவரும் அவர்தான்.

அந்தக் காதின் அலுவலகத்திலிருந்துதான் செவ்வாய்க்கிழமை காலை அவருக்கு ஆள் வந்தது.

பழைய ஐஸ் கம்பெனிக் கட்டடத்துக்கு வெள்ளையடித்து, கடல் கேட்பு நிலையம் என்று பலகை மாட்டியிருந்தார்கள். உள்ளே இரண்டு பேர். ஒருத்தி சுபைதா, கீழக்கரைப் பெண், மூன்று வருடமாக இங்கேதான் இருக்கிறாள். ஆவுளியாவைப் பற்றி வெளிநாடு வரை போய்ப் படித்தவள். ஆவுளியா என்றால் புத்தகத்தில் கடல்பசு என்று போட்டிருப்பார்களே, தண்ணீருக்கடியில் புல் மேய்ந்துகொண்டு மூச்சுவிட மட்டும் மேலே வருகிற அந்தப் பெரிய சாது. அதைப் பற்றி அவ்வளவு படித்தவள் உயிரோடு ஒன்றைக்கூடப் பார்த்ததில்லை. மற்றவர் நீலமேகம், பூட்டிய தீவுகளின் பதிவேட்டை வைத்திருக்கிற தீவுப் பதிவகத்திலிருந்து வந்த அதிகாரி. சட்டைப் பையில் மூன்று பேனா.

"உக்காருங்க பெரியவரே," என்றாள் சுபைதா.

"நின்னுக்கிட்டே கேக்கேன். உக்காந்தா நாற்காலிக்கும் கையெழுத்துக் கேப்பீங்க."

அவள் சிரிக்கவில்லை. மேசையில் எதையோ தொட்டாள். சுவரிலிருந்து அலைச் சத்தம் கேட்டது. அதற்கு நடுவில் ஒரு கரகரத்த குரல். "ஏ இஞ்ஞாசி, மேக்க பெரியவ நிக்கா. எஞ்சின அமத்து. கம்ப ஊனி சுத்திப் போ."

கஸ்பார் சுவரைப் பார்த்தார். "எவன் இவன்? தொண்டைல ஆணி வச்ச மாரி பேசுதான்."

"நீங்கதான்."

இன்னொரு தடவை போட்டாள். தம்முடைய குரல் இவ்வளவு அசிங்கமாக இருக்கும் என்று இத்தனை வருடம் யாரும் அவரிடம் சொன்னதில்லை.

"மீன் பேசுறதக் கேக்குற மிஷினுன்னுல்லா சொன்னீங்க."

"மீனைத்தான் கேக்குது. மனுசக் குரல் வந்தா இரைச்சல்னு தனியா ஒதுக்கி வச்சிரும். ஆனா அழிக்காது. பன்னெண்டு வருச இரைச்சலும் பெட்டியில கிடந்துச்சு. ஆறு மாசமா நான்தான் உக்காந்து கேட்டேன்."

"ஒனக்கு வேற வேல இல்லையாம்மா?"

"இல்ல. வெள்ளிக்கிழமையோட இந்த வேலையும் இல்ல."

நீலமேகம் குறுக்கே வந்தார். "கதை எல்லாம் அப்புறம். யாருய்யா அந்தப் பெரியவ? நூறு தடவைக்கு மேல வருது. பெரியவ வந்திருக்கா, பெரியவ படுத்திருக்கா, பெரியவ குட்டியோட நிக்கா. கடலட்டை கடத்துறீங்க, அதுக்கு இதுதான் ரகசியப் பேரு. சரியா?"

கஸ்பார் வாயைத் திறந்து, திறந்த வேகத்திலேயே மூடிக்கொண்டார். காதுக்குக் கேட்கிற தூரம் என்றால் அது பூட்டிய இடத்துக்குள்ளே. பெரியவ யார் என்று சொன்னால், நான் அங்கே இருந்தேன் என்று சொன்ன மாதிரி.

"வெள்ளிக்கெழம என்ன?" என்று பேச்சை மாற்றினார்.

சுபைதா சொன்னாள். மொட்டச்சல்லியைப் பதிவேட்டில் சேர்த்ததே ஆவுளியாவுக்காக. அந்த உயிர் அங்கே இருக்கிறது என்று பன்னிரண்டு வருடத்துக்குள் ஒரு தடவையாவது காது கேட்டாக வேண்டும். இன்றுவரை கேட்கவில்லை. வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஐந்து மணிக்குத் தவணை முடிகிறது. முடிந்தால் தீவின் பேரைப் பதிவேட்டிலிருந்து எடுத்துவிடுவார்கள்.

"எடுத்தா?"

"பூட்டு போயிரும். திங்கக்கிழமை மண்ணள்ளுற கப்பல் வருது. துறைமுகத்துக்கு மேடு போட மண் வேணுமாம். பாரையும் தீவையும் சேத்து அள்ளிரும். கப்பல் ஏற்கனவே கிளம்பிருச்சு பெரியவரே."

கஸ்பார் நீலமேகத்தைப் பார்த்தார். "நான் ஒரு கூடை நண்டு எடுத்தா குத்தம். அவன் தீவையே எடுத்துட்டுப் போனா குத்தமில்ல."

"சட்டம் அப்படித்தான் இருக்கு."

"சட்டத்த எழுதினவன் நண்டு தின்னதில்ல போல."

பெரியவ யார் என்று சொல்லாமலே வெளியே வந்துவிட்டார்.

வலைக்கொட்டகையில் இஞ்ஞாசி காத்திருந்தார். கஸ்பாரின் மனைவி, செத்துப்போன சலேத்தம்மாளின் தம்பி, முப்பது வருடமாக ஒரே வள்ளத்தில் மூக்குப் பக்கம், முன்னணியத்தில் உட்காருகிறவர்.

"என்ன மச்சான், உள்ள போட்டுட்டாங்களா?"

"உள்ள போட்டா இங்க எப்படி நிப்பேன்? மூளைய எங்கயாவது அடகு வச்சிட்டியா?"

நடந்ததைச் சொன்னார். இஞ்ஞாசி பிரித்துக்கொண்டிருந்த சிக்கை அப்படியே கீழே போட்டார்.

"சொல்லிராதீரும் வே. ஒம்பது வள்ளம் அங்க போவுது. நீரு வாயத் தொறந்தா ஒம்பதுக்கும் உரிமம் போயிரும். அப்புறம் நாம எல்லாம் கரையில உக்காந்து மணலத்தான் எண்ணணும்."

"அதுல ஏங் குரல்தான் கேக்கு. எந்தக் காலத்துல ஒன்னய நான் பேச விட்டிருக்கேன்?"

"ஏம் பேரச் சொல்லிக் கூப்பிட்டிருக்கீரே."

"ஊர்ல ஏழு இஞ்ஞாசி இருக்கானுவ. எவன்னு மிஷின் தேடட்டும்."

இஞ்ஞாசி விடவில்லை. "பூட்டினப்ப நீருதான குதிச்சீரு. இப்ப தொறக்கான். நமக்கு நல்லதுதான?"

"நமக்கா தொறக்கான்?" என்றார் கஸ்பார். "பூட்டினப்ப நண்டு வாரதுக்கு ஒரு சந்து இருந்துது. கப்பல் வந்தா நண்டும் இல்ல, சந்தும் இல்ல, தீவும் இல்ல. நாளைக்கு அந்தப் பக்கம் போனா கெழக்கு எது மேக்கு எதுன்னு கண்டுபிடிக்கக்கூட ஒரு மேடு இருக்காது. அவ எங்க போவா?"

அவ என்று சொன்னது யாரை என்று இஞ்ஞாசிக்குத் தெரியும். அவர் மறுபடி சிக்கைக் கையிலெடுத்தார். போகாதீர் என்று மட்டும் அதற்குப் பிறகு சொல்லவில்லை.

புதன்கிழமை காலை கஸ்பார் நிலையத்துக்குப் போய் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார்.

"எழுதிக்கோ. பெரியவன்னா ஆவுளியா. கரையில நிக்கப்போயி இந்தப் பேரச் சொல்றேன். கடல்ல சொல்ல மாட்டோம். எங்க ஊர்ல எவனும் சொல்ல மாட்டான்."

சுபைதா எழுந்து நின்றுவிட்டாள். "ஏன்?"

"முந்தி ஒரு காலத்துல அதப் பேரச் சொல்லிக் கூப்பிட்டவன் எல்லாம் வெட்டிக் கறி போடத்தான் கூப்பிட்டான். அதுக்கு அது தெரியும். கடல்ல அந்தப் பேரு காதுல விழுந்தா எடத்த விட்டுப் போயிரும், திரும்பி வராது. அதனால பெரியவன்னுதான் சொல்றது. கண்டா எஞ்சின அமத்தி, கம்ப ஊனி, சுத்திப் போயிருவோம்."

"இதை ஏன் இவ்வளவு நாள் யாரும் என்கிட்ட சொல்லல?"

"நீ கேக்கலையே. தண்ணிக்குள்ள காத வச்சிட்டுல்லா உக்காந்திருந்தே."

அவள் அழுகிறாளா சிரிக்கிறாளா என்று தெரியவில்லை. திரும்பி உட்கார்ந்து கருவிக்கு அந்தச் சொல்லைச் சொல்லிக்கொடுத்தாள். எழுதுகிறபோது, நீலமேகத்துக்குக் கேட்காமல், "உங்க குரல் மட்டும் போதும். மத்தவங்க குரல் எல்லாம் இரைச்சலாவே கிடக்கட்டும்" என்றாள். கஸ்பார் முதல் தடவையாக அவளைச் சரியாகப் பார்த்தார்.

கருவிக்கும் ஒரு குரல் இருந்தது. மேடையில் வரவேற்புரை வாசிக்கிற பிள்ளையின் குரல் மாதிரி. "ஆவுளியா, மற்றொரு பெயர் பெரியவ. பத்து ஆண்டுகளில் நூற்று நாற்பத்து மூன்று முறை காணப்பட்டுள்ளது. சாட்சி, கஸ்பார்."

நீலமேகத்தின் முகம் மாறியது. சுபைதா சந்தோசத்தில் மேசையைத் தட்டினாள். அதற்குள் அந்தக் குரல் மேற்கொண்டு பேசியது. "கடைசிப் பதிவு, இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு."

அலைச் சத்தம். பிறகு கஸ்பாரின் குரல், ஆணி இல்லாத குரல். "பெரியவ போயிட்டா. நேத்து மண்ணுக்குள்ள வச்சாச்சு. இனி எவளுக்காவ நான் கரைக்கு வரணும்."

"விலங்கு இறந்துவிட்டது," என்றது கருவி. "அடக்கம் செய்யப்பட்டது. இன்றைய எண்ணிக்கை, பூஜ்யம்."

கஸ்பார் தம் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அது அது இல்ல," என்றார் கடைசியில். "அது ஏம் பொண்டாட்டி. சலேத்து."

"உங்க மனைவியையும் பெரியவன்னுதான் சொல்வீங்களா?" என்றாள் சுபைதா மெதுவாக.

"ஊர்ல அவனவன் பொண்டாட்டிய என்னமாவது சொல்லித்தான கூப்பிடுவான். அவ பெரிய உருவம். மெதுவாத்தான் நடப்பா. சும்மா போய் நோண்டினா மூஞ்சியத் திருப்பிக்கிட்டு உள்ள போயிருவா, ரெண்டு நாளைக்கு வெளிய வர மாட்டா. கடல்ல ஒரு பெரியவ, வீட்டுல ஒரு பெரியவ. அடக்கம் முடிஞ்ச மறுநா கடலுக்குப் போனேன். வீட்டுல இருக்க முடியல. அந்தப் பீப்பாய்க்கிட்ட நின்னு என்னத்தையோ சொல்லியிருக்கேன். அது மீனுக்கு வச்ச காதுன்னு நெனச்சேன்."

"அதுக்கப்புறம் ரெண்டு வருசமா பெரியவங்கிற சொல்லே வரலையே," என்றார் நீலமேகம்.

"எனக்கு அந்த வார்த்த வாயில வரல. நான் சொல்லலன்னா எங்க ஆளுவளும் சொல்ல மாட்டானுவ. கையக் காட்டுவோம், சுத்திப் போவோம். இருக்கா. ஒண்ணு இல்ல, நாலஞ்சு இருக்கு. எல்லாத்துக்கும் அதே பேருதான்."

நீலமேகம் பேனாவை மூடினார். கெட்ட ஆள் இல்லை அவர். காகிதத்துக்கு வெளியே கால் வைக்கத் தெரியாத ஆள், அவ்வளவுதான். "நான் நம்புறேன்னே வச்சுக்குங்க. கருவி நம்பாது. ஒரே பேருன்னா ஒரே உயிருன்னுதான் அது கணக்கு. அந்தப் பேருல ஒண்ணு செத்தாச்சு, செத்ததுன்னு சொன்னதும் நீங்க. தவணை முடியும்போது அது உயிரோட இருக்கணும். இப்ப மாத்திச் சொன்னா அது எடுக்காது. விதிப்படி ஒரே வழிதான். காதுக்குப் பக்கத்துல போய் நில்லுங்க. பதிவேட்டுப் பேரைத் தெளிவா சொல்லுங்க. ஆவுளியா, இன்னைக்குப் பார்த்தேன். இவ்வளவுதான். காதுல விழுந்தாப் போதும், தீவு நிக்கும்."

"கடல்லயா?"

"காது கடல்லதானே இருக்கு."

கஸ்பார் எழுந்துவிட்டார். "அது நடக்காது."

"பெரியவரே," என்றாள் சுபைதா. "ஒரு சொல்லு. ஒரே ஒரு சொல்லு. கப்பல் வந்துக்கிட்டு இருக்கு. இந்த நேரத்துல மூடநம்பிக்கையை வச்சுக்கிட்டு..."

"எது மூடநம்பிக்கை? ஆயிரம் தடவ பார்த்தவன் எதுத்தாப்ல நிக்கேன். நம்ப மாட்டேங்கீங்க. பீப்பாயில போயி ஒரு மந்திரத்தச் சொல்லு, அப்பதான் நம்புவோங்கீங்க. ஒம் மிஷினுக்கு ஒரு வார்த்த கேட்டாத்தான் அது இருக்குன்னு ஆவும். எங்களுக்கு அதே வார்த்த கேட்டா அது இல்லன்னு ஆவும். இதுல ஒன்னோடது படிப்பு, என்னோடது மூடநம்பிக்கையா?"

சொல்லி ஜெயித்ததாகக் கஸ்பார் நினைக்கவில்லை. வீட்டுக்குப் போய்ப் பழைய சோற்றை அப்படியே மூடிவைத்துவிட்டு உட்கார்ந்திருந்தார். சொன்னால் அவள் போய்விடுவாள். சொல்லாவிட்டால் அவள் இருக்கிற இடமே போய்விடும். எப்படிப் புரட்டினாலும் சிக்கு ஒரே இடத்தில்தான் வந்து நின்றது. ரொம்ப நேரத்துக்குப் பிறகு அவருக்கு ஒன்று பிடிபட்டது. கடலில்தானே சொல்லக் கூடாது.

வியாழக்கிழமை விடிந்ததும் இஞ்ஞாசியையும் கூட்டிக்கொண்டு வள்ளத்தை எடுத்தார். மொட்டச்சல்லிக்குக் கிழக்கே, பாருக்கு மேலே, காது ஆடிக்கொண்டு நின்றது. கஸ்பார் ஒன்றும் பேசாமல் அரிவாளை எடுத்து நங்கூரக் கயிற்றை அறுத்தார். நாலு வெட்டு. பீப்பாயை வள்ளத்தின் பின்னால் கட்டினார்.

"மச்சான், இது அரசாங்கப் பீப்பா."

"கொண்டு போயி அரசாங்கத்துட்டதான் குடுக்கப்போறேன்."

கிழக்குப் பக்கம் அலை தூக்கிக்கொண்டிருந்தது. பீப்பாயைக் கட்டி இழுத்துக்கொண்டு அந்த வழியாகத் திரும்ப முடியாது. தீவைச் சுற்றி மேற்கே வந்தார்கள். அங்கே ஆழமில்லை, இடுப்பளவு தண்ணீர், அடியில் புல். புல்தரை வந்ததும் எப்போதும்போல எஞ்சினை நிறுத்திவிட்டுக் கம்பை ஊன்றினார்கள். பீப்பாய் பின்னால் சத்தமில்லாமல் மிதந்து வந்தது. பாதி வழியில் இஞ்ஞாசி கையைத் தூக்கினார். வாயைத் திறக்கவில்லை. கஸ்பாரும் அந்தப் பக்கம் பார்த்துவிட்டு, கம்பை மாற்றி ஊன்றி, தள்ளிப் போனார்.

கரையில் கூட்டம் கூடிவிட்டது. பீப்பாயை ஆறு பேர் பிடித்து மணலில் உருட்டினார்கள். அலை தொடாத இடம் வரைக்கும் உருட்டச் சொன்னார் கஸ்பார். இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்றார். தண்ணீர் கண்ணுக்குத் தெரியாத தென்னை மரத்தடிக்கு வந்த பிறகுதான் போதும் என்றார். சுபைதா செருப்பில்லாமல் ஓடிவந்தாள். பின்னாலேயே நீலமேகம், "என்னய்யா பண்றே, என்னய்யா பண்றே" என்று கேட்டுக்கொண்டு வந்தார்.

கஸ்பார் சிப்பி ஒட்டியிருந்த அந்தப் பீப்பாய்க்கு எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்தார். கரைதான் என்றாலும் அந்தப் பேரை இவ்வளவு சத்தமாக யாரும் சொன்னதில்லை.

"நான் கஸ்பார். சிலுவைத்துறை. நல்லாக் கேட்டுக்கோ. ஆவுளியா. இன்னைக்குக் காலையில மொட்டச்சல்லிக்கு மேக்க, புல்லுல, இந்த ரெண்டு கண்ணால பார்த்தேன். செத்தது ஏம் பொண்டாட்டி. ஆவுளியா சாவல."

கூட்டத்தில் ஒருத்தி சிலுவை போட்டுக்கொண்டாள்.

வெள்ளிக்கிழமை மூன்று மணிக்கு முடிவு வந்தது. நிலையத்து வாசல் முழுக்க ஆட்கள். உள்ளே கஸ்பாரும் இஞ்ஞாசியும் நின்றார்கள். இஞ்ஞாசியை யாரும் கூப்பிடவில்லை, வந்திருந்தார்.

"கஸ்பாரின் சாட்சியம் நிராகரிக்கப்படுகிறது," என்றது கருவி. "சாட்சியத்தின்போது மிதவை கரையில் இருந்தது. ஆவுளியா கரையில் வாழ்வதில்லை."

இஞ்ஞாசி தலையில் கையை வைத்தார். கஸ்பார் மட்டும் சிரித்தார். "அந்த மட்டுக்கு அதுக்கு அறிவு வந்திருக்கு."

"ஆனால்," என்றது அந்தக் குரல். "வியாழன் காலை ஒன்பது மணி பன்னிரண்டு நிமிடத்தில், மிதவை இடம் மாறிச் செல்லும்போது, ஆவுளியாவின் மூச்சொலி நேரடியாகப் பதிவாகியுள்ளது. இரண்டு உயிர்கள். ஒன்று பெரியது. ஒன்று குட்டி."

சுபைதா அதை ஒலிக்கவிட்டாள். புல்லைப் பிடுங்கி அரைக்கிற சத்தம், வெற்றிலை மெல்கிற மாதிரி. பிறகு யாரோ பெருமூச்சு விட்ட மாதிரி ஒன்று. அதற்கு அடுத்தாற்போல் சின்னதாக, அவசரமாக இன்னொன்று. அவள் கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். திரும்பத் திரும்பப் போட்டாள். வாசலில் நின்றவர்கள்கூடப் பேச்சை நிறுத்திவிட்டார்கள். இஞ்ஞாசி மட்டும், "குட்டியும் நின்னுதா, நான் பாக்கலையே" என்றார்.

"பன்னெண்டு வருசமா இங்கதான் இருந்திருக்கு," என்றாள் சுபைதா. "நாங்க காதைப் பவளப் பார் பக்கம் வச்சிட்டோம். அது புல்லுப் பக்கம் இருந்திருக்கு."

"வாசப்பக்கம் காவலுக்கு ஆளப் போட்டுட்டு, கொல்லையில மாடு மேயலன்னு எழுதினீங்க," என்றார் கஸ்பார்.

நீலமேகம் எழுதிக்கொண்டிருந்தார். மொட்டச்சல்லி பதிவேட்டில் நீடிக்கிறது. விலங்கைக் கண்டறிந்தது, கேட்பு மிதவை. கப்பலுக்கு வேறு இடம் பார்க்கச் சொல்லியாயிற்று. அதற்குக் கீழே இன்னொரு தாள். அதை எழுதும்போது அவர் நிமிரவில்லை. பூட்டிய இடத்துக்குள் நூற்று நாற்பத்து மூன்று தடவை போனதாகச் சொந்த வாயால் ஒப்புக்கொண்டது, அரசாங்க மிதவையை அறுத்தது. இரண்டுக்குமாகக் கஸ்பாரின் கடல் உரிமம் ஆயுளுக்கும் ரத்து.

"நூத்தி நாப்பத்து நாலு," என்றார் கஸ்பார். "நேத்துப் போனத விட்டுட்டீரு. எழுதும்."

"வேற யாராவது கூட வந்தாங்களா?"

"இஞ்ஞாசி."

"எந்த இஞ்ஞாசி?"

"அதத்தான் நீரு கண்டுபிடிக்கணும்," என்றார் கஸ்பார். இஞ்ஞாசி கூரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

சுபைதா எழுந்து வந்தாள். முகம் கழுவியிருந்தாள். "உரிமத்துக்கு நான் மேல எழுதுறேன். விட மாட்டேன். ஆனா அதுக்கு முன்னாடி உங்களுக்கு ஒண்ணு சொல்லணும். பதிவகத்துக்கிட்ட சண்டை போட்டு வாங்கியிருக்கேன். இனிமே ஆவுளியாவுக்குப் பதிவேட்டுல ரெண்டாவது பேரும் இருக்கு. பெரியவ. எந்த மிதவைக்குப் பக்கத்துல யார் சொன்னாலும் இனி எல்லாக் காதுக்கும் புரியும். இரைச்சல்னு தள்ளாது. உங்க பேச்சைக் கேக்க வச்சிட்டேன் பெரியவரே."

நல்ல மனசோடுதான் சொன்னாள். அது கஸ்பாருக்கும் தெரிந்தது. அதனால் கத்தாமல் கேட்டார்.

"எல்லாக் காதுக்குமா?"

"எல்லாத்துக்கும்."

"கப்பல்காரனும் ஒரு காது வச்சிருப்பானே, அதுக்கும்?"

"பதிவேடு எல்லாருக்கும் பொதுதானே."

"அப்ப அதுவும் பேராயிட்டு," என்றார் கஸ்பார்.

அவள் புரியாமல் நின்றாள். அவர் சொல்லிக்கொடுக்கவில்லை. நேற்று வரை அது ஒரு சாக்கு, ஒரு சாடை. கடலுக்கும் தெரியாமல் கரைக்கும் தெரியாமல் ஒன்பது வள்ளத்துக்குள் சுற்றிக்கொண்டிருந்த சொல். இப்போது அதைக் காகிதத்தில் எழுதிவிட்டார்கள். எழுதின பேரைச் சொல்லி எவன் வேண்டுமானாலும் தேடி வருவான், அதைக் கடலில் சொல்ல முடியாது. ஒன்பது வள்ளத்தில் ஒருத்தனும் இனி சொல்ல மாட்டான். வீட்டில் இருந்தவளுக்கும் அந்தப் பேர்தான் இருந்தது. அதையும் சேர்த்தே எழுதியிருக்கிறார்கள்.

"யாரக் கேட்டு எழுதின?" என்றார்.

"நல்லதுக்குத்தான்..."

"பூட்டினதும் நல்லதுக்குத்தான். தொறக்கப் போனதும் ஒருத்தன் நல்லதுக்குத்தான்."

நீலமேகம் தாளை நீட்டினார். "தீவு நின்னுருச்சே. இன்னும் பன்னெண்டு வருசத்துக்குக் கவலை இல்ல. அதுல உங்களுக்குச் சந்தோசம் இல்லையா?"

"பன்னெண்டு வருசம் கழிச்சு அவ இருக்காளான்னு யார்ட்ட கேப்பீரு? பார்க்கப் போறவன் உரிமத்தத்தான் பிடுங்கிட்டீரே. பீப்பாய்ட்ட கேளும்."

தாளில் கையெழுத்துப் போடவில்லை. அவர்களும் வற்புறுத்தவில்லை. கூட்டம் விலகி வழிவிட்டது. யாரோ கை தட்டினார்கள், அவர் திரும்பிப் பார்த்த பார்வையில் அதுவும் நின்றுபோனது. வெயில் மணலில் இறங்கி நடந்தார். இஞ்ஞாசி பின்னாலேயே ஓடிவந்து சேர்ந்துகொண்டார்.

"மச்சான். நான் நாளைக்குக் கடலுக்குப் போவணும்லா. அவளக் கண்டா இனி என்னன்னு சொல்லட்டும்?"

"ஒண்ணும் சொல்லாத."

"ஒரு பேரு வேணும்லா வே. நீரு வச்சாத்தான் நம்ம ஆளுவ எடுப்பானுவ."

"வச்சாச்சு."

"என்னது?"

"சொல்ல மாட்டேன்."

"எங்கிட்டயுமா?"

"ஓங்கிட்டதான் மொதல்ல சொல்லக் கூடாது. நீ பங்குச்சாமிட்ட சொல்லுவ, அவரு பூசையில சொல்லுவாரு, அந்தப் பொண்ணு அதையும் எழுதிரும். நல்ல பொண்ணு. அதான் பயமா இருக்கு."

இஞ்ஞாசி ஏதோ கேட்டுக்கொண்டே வந்தார், பாதி வழியில் மூச்சு வாங்கி நின்றுவிட்டார். பின்னால் நிலையத்துக்குள் யாரோ அந்த மூச்சொலியை மறுபடி போட்டார்கள், பெரிதாக, ஊருக்கே கேட்கிற மாதிரி. ஆட்கள் வாசலை நெருக்கிக்கொண்டு கேட்டார்கள். கஸ்பார் நிற்கவில்லை. பேட்டரி போட்டால் மூச்சு விடுகிறதாம், அதைக் கேட்டு அழுகிறார்களாம் என்று முணுமுணுத்துக்கொண்டே, வேட்டியை மடித்துக் கட்டி, கடலுக்கு முதுகைக் காட்டி நடந்தார்.